துளசித் தொட்டியில் மஞ்சள் காளான்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னை வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் கொசுவுக்கு அடுத்த இடம் காளானுக்குத்தான். இந்த முறை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி படத்தோடு எழுதியிருக்கிறார்: "மொட்டை மாடியில் துளசித் தொட்டியில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் காளான்கள் முளைத்திருக்கின்றன. துளசியை அழித்துவிடுமா? வீட்டில் பெரியவர்கள் அபசகுனம் என்கிறார்கள்."

அழிக்காது. உயிருள்ள வேர் இந்தக் காளானுக்குத் தேவையில்லை. தொட்டியில் கிடக்கும் செத்த பொருளைத்தான் அது தின்கிறது. அதற்கு நாமே விருந்து வைத்திருக்கிறோம். மாடி கனம் தாங்காது என்று மண்ணைக் குறைத்து, தென்னை நார்க்கழிவையும் தொழுவுரத்தையும் நிரப்புகிறோம். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நார்க்கழிவில் மிகுதி. அதை உடைப்பதில் பாக்டீரியாக்களைவிடப் பூஞ்சைகள் கெட்டிக்காரர்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நார்க்கழிவை உரமாக்கச் சொல்லித்தரும் முறையே, சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி மட்கவிடுவதுதான்.

படத்தில் இருப்பது லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி என்ற இனமாகத் தெரிகிறது. 1839இல் அகஸ்ட் கோர்டா என்ற தாவரவியலாளர், பிராக் நகரத்துக் கண்ணாடிக் கூடத்தில் இதைக் கண்டெடுத்த தோட்டக் கண்காணிப்பாளர் பிர்ன்பாமின் பெயரையே இதற்குச் சூட்டினார். வெப்ப நாட்டுக் காளான், குளிர் நாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கியிருக்கிறது!

நாம் பார்க்கும் குடை வெறும் கனியுடல். உயிரியின் பெரும்பகுதி உரத்துக்குள் வெள்ளை இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. நேற்று இல்லாதது இன்று எப்படி வந்தது என்பதிலும் மர்மம் இல்லை. மொட்டிலேயே பெரும்பாலான செல்கள் உருவாகிவிடுகின்றன. மழை பெய்ததும் நீரை உறிஞ்சி நீள்கின்றன. இவையெல்லாம் பள்ளியில் படித்தவைதான். என்னை மயக்குவது குடைக்கு அடியில் நடக்கும் வேலை.

குடையைத் திருப்பினால் மெல்லிய செவுள்கள் தெரியும். ஒவ்வொரு செவுளின் இரு முகங்களிலும் நுண்காம்புகளின் நுனியில் ஸ்போர்கள், அதாவது காளானின் விதை போன்ற நுண்துகள்கள், நிற்கின்றன. ஒரு ஸ்போரின் நீளம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கீழே விழ வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். விலகாமல் அப்படியே விழுந்தால் பிறந்த செவுளிலேயே ஒட்டிக்கொள்ளும். அதிகமாகத் தாவினால் எதிர்ச் செவுளில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல, அளந்து தாவ வேண்டும். தசையும் நரம்பும் இல்லாத உயிரி அளப்பது எப்படி?

ஒரு நீர்த்துளியால். ஸ்போரின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அங்கே மேனிட்டால் முதலிய சர்க்கரைப் பொருள்கள் கசிகின்றன. அவை ஈரக்காற்றிலிருந்து நீராவியை இழுக்க, துளி ஒன்று திரள்கிறது. அதே நேரத்தில் ஸ்போரின் பக்கவாட்டிலும் நீர் மென்படலமாகப் படிகிறது. துளி பருத்துக்கொண்டே வந்து படலத்தைத் தொடுகிறது. சேப்பங்கிழங்கு இலையில் இரண்டு துளிகள் தொட்டதும் பட்டென்று ஒன்றாகிவிடுமே, அதுதான் இங்கும் நடக்கிறது. ஒன்றான நீரின் மொத்தப் பரப்பு குறைகிறது. அப்போது மிச்சமாகும் பரப்பு ஆற்றலில் ஒரு பகுதி இயக்கமாக மாறுகிறது. துளி ஸ்போரின்மேல் பாய்கிறது, நிறை மையம் சட்டென்று இடம் மாறுகிறது, காம்பிலிருந்து ஸ்போர் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான். நாம் நடக்கும் வேகம்கூட இல்லை. ஆனால் அந்த வேகத்தை அது எட்டுவது மைக்ரோ நொடிகளில். முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு. ராக்கெட்டில் கிளம்பும் விண்வெளி வீரர் வழக்கமாகத் தாங்குவது 3 அல்லது 4 மடங்கு.

கிளம்புவதைவிட நிற்பது அழகு. இவ்வளவு சிறிய பொருளுக்குக் காற்றே பெரும் தடை. இரு செவுள்களின் நடுவழியில் கிடைமட்ட வேகம் முழுதும் தீர்ந்துபோய், ஸ்போர் செங்குத்தாக இறங்கத் தொடங்குகிறது. எவ்வளவு தூரம் தாவ வேண்டும் என்பதைத் துளியின் பருமனே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் வின்னிபெக்கில் பேராசிரியராக இருந்த ரெஜினால்ட் புல்லர் இதை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் அந்தத் துளியின் பெயர் புல்லர் துளி. தாவும் கணத்தைப் படம்பிடிக்கும் கருவி அவரிடம் இல்லை. 2005இல் நொடிக்கு 1,00,000 படங்கள் எடுக்கும் கேமராவை வைத்துத்தான் அந்தக் கணத்தைப் பிடித்தார்கள்.

குடைக்குக் கீழே வந்த பிறகும் காளான் கைவிடுவதில்லை. குடையிலிருந்து நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று பக்கவாட்டில் வழிந்து ஸ்போர்களைச் சுமந்து செல்கிறது. வெளிக்காற்று அசையாத மூலையில்கூட இது நடக்கும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். இடியோடு மழையும் வருகிறது. போதாததற்கு, ஜப்பானின் இவாதே பல்கலைக்கழகத்தார் காளான் வளர்க்கும் மரக்கட்டைகளில் உயர் மின்னழுத்தத்தைக் கணநேரம் பாய்ச்சி விளைச்சலைக் கூட்டியும் காட்டியிருக்கிறார்கள். அபசகுனப் பேச்சுக்குத்தான் என்னிடம் பொறுமை இல்லை. உரம் நன்றாக மட்குகிறது, இதில் என்ன அபசகுனம்?

இன்னொரு விஷயத்திலும் எனக்குப் பொறுமை இல்லை. கிண்டி வளாகத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையம் பூஞ்சையியலில் பெயர் பெற்றது. சி. வி. சுப்பிரமணியன் பூஞ்சணங்களையும், கே. நடராஜன் தென்னிந்தியக் குடைக்காளான்களையும் வகைப்படுத்திய மரபு அது. காளானைக் கையில் எடுத்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்கு அதிகச் செலவு ஆகாது, நிதி கேட்டுப் போனால்தான் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி வருகிறது. வகைப்பாட்டியலுக்குக் காசு இல்லாமல் மரபணு இயந்திரங்களை மட்டும் வாங்கிக் குவிப்பது எனக்குத் தலைகீழான கணக்காகவே படுகிறது.

வாசகிக்கு இனி நடைமுறைச் செய்தி. சமைக்காதீர்கள், இந்த மஞ்சள் காளான் வயிற்றைப் புரட்டும். வீட்டில் தவழும் குழந்தையோ நாயோ இருந்தால் கிள்ளி எறிந்துவிட்டுக் கைகழுவுங்கள். இழைகள் உள்ளேயே இருப்பதால் மறுபடியும் முளைக்கும். எறியும் முன் ஒரு குடையை மட்டும், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான காகிதத்தின் மேல் செவுள்கள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, டம்ளரால் மூடிவிடுங்கள். மறுநாள் கறுப்புப் பாதியில், உதிர்ந்த ஸ்போர்கள் வெண்பொடிக் கோடுகளாகத் தெரியும். பச்சைப் பொடி விழுந்தால் அது வேறு இனம், பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்; தின்றவர்களைக் கடும் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

பூஞ்சைக்கொல்லி வாங்கி ஊற்ற வேண்டாம். தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தொகுப்பில், வேரழுகலைத் தடுப்பதற்காக டிரைக்கோடெர்மா விரிடி பொடி இருக்கும். அதுவும் பூஞ்சைதான்; காளானைக் கொல்ல ஊற்றும் மருந்து அதையும் பாதிக்கும்.