ஆளுக்கொரு விலை: மொத்த வியாபார இணையக் கடை எப்படி இயங்குகிறது?

திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைக்கும் ஒரு சிறு நிறுவனம், காதர்பேட்டையில் நேரில் நடத்திவரும் மொத்த விற்பனையை இணையத்திலும் நடத்த விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலும் கோழிக்கோட்டிலும் உள்ள ஜவுளிக்கடைக்காரர்களே அதன் வாடிக்கையாளர்கள். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற ஆயத்த மென்பொருள்களில் ஒன்றை எடுத்து, படங்களை ஏற்றி, குறைந்தபட்சக் கொள்முதல் அளவை மட்டும் கூட்டிவைத்தால் போதும் என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். முதல் பத்து ஆர்டர்களிலேயே அந்த ஏற்பாடு திணறத் தொடங்கிவிடும். சில்லறைக் கடையில் விலை என்பது பொருளின்மேல் ஒட்டியிருக்கும் ஓர் எண். மொத்தக் கடையிலோ, யார் வாங்குகிறார், எத்தனை வாங்குகிறார், சரக்கு எந்த மாநிலத்துக்குப் போகிறது, பணம் எப்போது வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு கணக்கிட்டுப் பெற வேண்டிய விடை அது. மொத்த வியாபார இணையக் கடையின் பொறியமைப்பு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

வாங்குபவர் யார் என்பதே முதல் கேள்வி. கணக்குத் திறக்கும் கடைக்காரரிடம் ஜிஎஸ்டி பதிவெண் கேட்கப்படுகிறது. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து இடங்களில் வருமான வரித் துறையின் பான் எண் இருக்கும். கடைசி இடத்தில் இருப்பது சரிபார்ப்பு எழுத்து. முதல் 14 எழுத்துகளுக்கும் 0 முதல் 35 வரை மதிப்பளித்து, அவற்றை மாறி மாறி 1, 2 ஆகியவற்றால் பெருக்கி, ஒவ்வொரு பெருக்கற்பலனையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிச் சேர்த்தால் கிடைக்கும் தொகையிலிருந்து அந்தப் பதினைந்தாவது எழுத்து பெறப்படுகிறது. இதனால், தட்டச்சில் ஓர் எழுத்து மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் பெரும்பாலான சமயங்களில் இடம் மாறினாலும், வேறு எந்தக் கணினியையும் கேட்காமல் பிழையை அந்தப் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கணக்கு சரியாக வந்தால் மட்டும் அந்த எண் உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடாது. பதிவு ரத்தாகியிருக்கலாம், வேறொருவருடையதாகவும் இருக்கலாம். எனவே ஜிஎஸ்டி தளத்தில் பெயர், முகவரி, நடப்பு நிலை ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே விலையைக் காட்டும் கதவு திறக்கப்பட வேண்டும்.

கதவு திறந்ததும் விலைக் கணக்கு தொடங்குகிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு விலைப்பட்டியலோடு இணைக்கப்பட்டிருப்பார். அந்தப் பட்டியலுக்குள் அளவுக்கேற்ற படிநிலைகள் இருக்கும். பல அளவுகள் கலந்த ஆறு உருப்படிகள் கொண்ட ஒரு செட் பனியன் 49 செட் வரை 720 ரூபாய் என்றும், 50 செட் முதல் 690 ரூபாய் என்றும் கொள்வோம். குறைந்த விலை எல்லாச் செட்டுக்கும் பொருந்துமா, ஐம்பதாவது செட்டிலிருந்து மட்டும் பொருந்துமா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். எல்லாச் செட்டுக்கும் என்றால், 49 செட்டின் விலை 35,280 ரூபாய், 50 செட்டின் விலை 34,500 ரூபாய். ஒரு செட் கூடுதலாக வாங்குபவர் 780 ரூபாய் குறைவாகக் கொடுப்பார். ஐம்பதாவதிலிருந்து மட்டும் என்றால் 50 செட் 35,970 ரூபாயாகி, அந்தப் பள்ளம் மறைந்துவிடும். ஆனால் நூறு செட் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் 69,000 ரூபாய்க்குப் பதிலாக 70,470 ரூபாய் கொடுக்க நேரிடும். முதல் முறையே நல்லது என்பது என் கருத்து. கடைக்காரர்கள் மனத்தில் போடும் கணக்கு அதுதான். அதைத் தேர்ந்தால், 48 செட்டோ 49 செட்டோ கூடையில் வைத்திருப்பவருக்கு 50 வாங்கினால் தொகை குறையும் என்பதைத் திரையே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கூடுதல் பணம் வாங்கிக்கொள்ளும் கடைக்கு அவர் மறுமுறை வரமாட்டார்.

அளவு கூடினால் விலை குறைவதற்குக் காரணம் தாராள மனம் அன்று. பத்து செட்டானாலும் நூறு செட்டானாலும் பில் போடுவது, கட்டு கட்டுவது, லாரி சர்வீஸில் பதிவு செய்வது ஆகியவற்றின் செலவு ஏறக்குறைய ஒன்றே. இந்த நிலையான செலவையும் சரக்கைத் தேக்கி வைக்கும் செலவையும் சமன்படுத்தும் கொள்முதல் அளவுக்கு ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி உகந்த கொள்முதல் அளவு, தேவையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி வளர்கிறது. ஒரு கடையின் விற்பனை நான்கு மடங்கானால், அது ஒரு தடவையில் வாங்க வேண்டிய அளவு இரண்டு மடங்குதான் ஆகிறது. படிநிலைகளை எந்த அளவில் வைப்பது என்று யோசிப்பவர்களுக்கு இந்த உறவு மிகவும் பயன்படும்.

விலைக்குப் பின் வரி வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. பில்லில் காட்டப்பட்ட தள்ளுபடியைக் கழித்த பிறகு நிற்கும் விலைக்கே வரி என்பதால், கணக்கின் வரிசை முக்கியமாகிறது. பட்டியலில் 2,600 ரூபாயாக இருக்கும் ஒரு குளிர்கால மேலங்கி, அளவுத் தள்ளுபடியால் 2,450 ரூபாயாகும்போது வரி விகிதமே மாறிவிடுகிறது: முன்னது வரியோடு 3,068 ரூபாய், பின்னது 2,572 ரூபாய் 50 காசு. வரியை முதலில் போட்டுவிட்டுத் தள்ளுபடியைப் பிறகு கழிக்கும் மென்பொருள் இங்கே தவறான பில்லைத்தான் தரும். சரக்கு மதுரைக்குப் போனால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகச் சரிபாதியாகப் பிரியும். கோழிக்கோட்டுக்குப் போனால் முழுவதும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி ஆகும்.

விலை ஆளுக்கு ஆள் மாறுவதால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் எழுகிறது. சில்லறைத் தளங்கள் வேகமாகத் திறப்பதற்கு ஒரு காரணம், ஒருமுறை உருவாக்கிய பக்கத்தின் நகலை இடைநிலைக் கணினிகளில் சேமித்து, அடுத்து வரும் ஆயிரம் பேருக்கும் அதையே நீட்டுவதுதான். மொத்தக் கடையில் அப்படிச் செய்தால், கோழிக்கோட்டுக் கடைக்காரருக்குத் தந்த சிறப்பு விலை மதுரைக் கடைக்காரரின் திரையில் தோன்றிவிடும். பல ஆண்டு வியாபார உறவை ஒரே நாளில் முறித்துவிடக்கூடிய பிழை அது. ஆகவே பக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். படம், துணியின் விவரம், அளவுகள் ஆகியவை எல்லோருக்கும் பொதுவான நகலிலிருந்து உடனே வருகின்றன. விலை மட்டும், உள்நுழைந்திருப்பவர் யார் என்று சரிபார்த்த பின் தனிக் கோரிக்கையாகச் சென்று வருகிறது.

இனி, விலையைவிடவும் நுட்பமான இருப்புக் கணக்குக்கு வருவோம். மொத்த வியாபாரத்தில் விற்பனை அலகு உருப்படி அன்று, செட். 80, 85, 90, 95 என்ற நான்கு அளவுகளில் முறையே 1, 2, 2, 1 என்ற விகிதத்தில் ஆறு உருப்படிகள் சேர்ந்தது ஒரு செட் என்போம். கிடங்கில் இருப்பவையோ உருப்படிகள். 80-இல் 120, 85-இல் 150, 90-இல் 210, 95-இல் 90 என மொத்தம் 570 பனியன்கள் இருக்கின்றன. ஆறால் வகுத்து 95 செட் என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வோர் அளவின் இருப்பையும் அதற்குரிய விகிதத்தால் வகுத்தால் 120, 75, 105, 90 என்று வருகிறது. இவற்றில் சிறியதான 75 செட்தான் விற்கத்தக்கது. 85 அளவு தீர்ந்ததும் மற்ற மூன்று அளவுகளிலும் சேர்த்து 120 பனியன்கள் உதிரியாக நின்றுவிடும். இந்தக் கணக்கை நாள்தோறும் காட்டும் மென்பொருள், அடுத்து எந்த அளவைத் தைக்க வேண்டும் என்பதையும் தையல் பிரிவுக்குச் சொல்லிவிடுகிறது.

அந்த 75 செட்டையும் கோழிக்கோட்டுக் கடைக்காரர் கேட்கிறார். அதே நொடியில் மதுரைக் கடைக்காரர் 50 செட் கேட்கிறார். கணினி முதலில் இருப்பைப் படித்து, போதுமா என்று பார்த்து, பிறகு கழித்து எழுதுகிறது என்றால், இருவருடைய கோரிக்கைகளும் 75 என்ற ஒரே எண்ணைப் படித்து, போதும் என்று முடிவு செய்து, இரண்டு ஆர்டர்களையும் ஏற்றுவிடும். முடிவில் 50 செட், அதாவது 300 பனியன்கள் துண்டு விழும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள அந்த மில்லி நொடிகளின் இடைவெளியில்தான் பிழை நுழைகிறது. தரவுத்தளங்களில் இதற்குத் தீர்வாக வந்தது, பிரிக்க முடியாத ஒற்றைச் செயலாக இயங்கும் பரிவர்த்தனை என்ற கருத்து. இத்துறையின் முன்னோடியான ஜிம் கிரே அதற்காகவே 1998-இல் டூரிங் விருது பெற்றார். ‘இருப்பு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 50-ஐக் கழி’ என்று சோதனையையும் கழித்தலையும் ஒரே கட்டளையாகத் தந்தால், முதலில் வந்த கட்டளை முடியும்வரை தரவுத்தளம் அந்த இருப்புப் பதிவைப் பூட்டி வைத்திருக்கும். இரண்டாவது கட்டளை தன் முறை வரும்போது புதிய இருப்பைத்தான் பார்க்கும்.

எந்த எண்ணிலிருந்து கழிப்பது என்பதும் கவனத்துக்குரியது. கிடங்கில் உள்ளது, உறுதியாகாத ஆர்டருக்காகப் பிடித்து வைத்தது, விற்கத்தக்கது என மூன்று எண்கள் தனித்தனியே வேண்டும். சில்லறையில் பணம் கட்டும் சில நிமிடங்களுக்குப் பிடித்து வைத்தால் போதும். மொத்தத்தில் முதலாளி ஒப்புதல் தரவோ, பணம் வங்கி வழியே வந்து சேரவோ ஓரிரு நாள் ஆகலாம். எனவே பிடிப்புக்கு ஒரு காலாவதி நேரம் குறித்து, அது கடந்ததும் சரக்கு தானாகவே விடுபடச் செய்ய வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உறுதியாகாத ஆர்டர்களுக்காகச் சரக்கு முடங்கிக் கிடந்தால், அந்தப் பருவத்தின் விற்பனையே போய்விடும்.

கோழிக்கோட்டு ஆர்டர் உறுதியாகிறது என்று கொள்வோம். 75 செட், செட்டுக்கு 690 வீதம் 51,750 ரூபாய். 5 சதவீத வரி 2,587 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் 54,337 ரூபாய் 50 காசு. அவருடைய கடன் வரம்பு இரண்டு லட்சம். பழைய நிலுவை 1,30,000 ரூபாய். நிலுவையை மட்டும் பார்த்தால் இடம் இருக்கிறது. ஆனால் பில் போடப்படாத இன்னோர் ஆர்டர் 40,000 ரூபாய்க்குக் காத்திருக்கிறது. அதையும் கூட்டினால் வரம்பு 24,337 ரூபாய் 50 காசு மீறப்படுகிறது. இந்த இடத்தில் ஆர்டரை மறுத்துவிடும் மென்பொருளைவிட, மீறிய தொகையை மட்டும் முன்பணமாகக் கேட்கும் மென்பொருளே வியாபாரம் அறிந்தது. பணம், வங்கிகளுக்கிடையிலான பணமாற்ற முறைகளில், நெஃப்ட் வழியிலும், இரண்டு லட்சம் முதல் ஆர்டிஜிஎஸ் வழியிலும் வரும். இரண்டும் முறையே 2019, 2020 டிசம்பர் மாதங்களிலிருந்து இரவும் பகலும் இயங்குகின்றன. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வங்கி வழியாகத் தனி மெய்நிகர்க் கணக்கெண் தந்துவிட்டால், வந்த பணம் யாருடையது என்று கணக்காளர் தேட வேண்டியதில்லை. எண்ணே ஆளைச் சொல்லிவிடும்.

பில் பெரும்பாலும் டேலி போன்ற கணக்கு மென்பொருளில்தான் போடப்படுகிறது. இணையக் கடை ஆர்டரை அனுப்பி, பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டால், பில் விழுந்ததா இல்லையா என்று கடைக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு பில் விழலாம். ஆகவே ஒவ்வொரு ஆர்டரோடும் மாறாத ஓர் அடையாள எண் அனுப்பப்படுகிறது. அந்த எண்ணை ஏற்கெனவே கண்டிருந்தால், பெறும் மென்பொருள் புதிய பில் போடாமல் பழையதையே திருப்பித் தரும். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமான, பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் முறையும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து ஒரு கணித முறைப்படி 64 எழுத்துகள் கொண்ட அடையாளம் உருவாகிறது. அதே பில்லை மறுபடி பதியப் பார்த்தால் அதே 64 எழுத்துகள் வரும். பதிவுத் தளம் அதை நகல் என்று மறுத்துவிடும்.

சரக்கு லாரி ஏறும்போது மாநில எல்லை மீண்டும் குறுக்கிடுகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு வரியோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்வழிச் சரக்குப் பயணச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். எனவே இதே 75 செட் மதுரைக்குப் போனால் இ-வே பில் தேவையில்லை, கோழிக்கோட்டுக்குப் போனால் தேவை. லாரி சர்வீஸ் தரும் ரசீது எண்ணையும் ஆர்டரோடு பதிந்துவிட்டால், சரக்கு எங்கே என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் பெருமளவு குறையும்.

சரக்கு கடையில் இறங்கிய நாளையும் அதே பதிவில் குறிப்பது அவசியம். விற்பவர் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, கடன் நாள் எழுத்தில் எவ்வளவு நீளமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். அதன்பின் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி மாதக் கணக்கில் சேரும். அந்த நாள்கள் எண்ணப்படுவது பில் தேதியிலிருந்து அன்று. சரக்கைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து, அல்லது 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் குறை சொல்லியிருந்தால் அந்தக் குறை தீர்க்கப்பட்ட நாளிலிருந்து. ஆகவே கணக்குத் திறக்கும்போதே கடன் நாளை எழுத்தில் ஏற்கச் செய்வதும், சரக்குப் பெற்றதற்கான கையொப்பத்தையும் குறைகளையும் தேதியோடு சேமிப்பதும் இணையக் கடையின் வேலைகளில் சேர்கின்றன. கோழிக்கோட்டுக்காரரின் அடுத்த ஆர்டர் வரும்போது கடன் வரம்பைச் சரிபார்க்கும் நிரல் படிப்பதும் இந்தத் தேதிகளைத்தான்.