இரண்டாவது கொன்ரோலரை நீங்கள் எடுங்கள்

நல்லூர்த் திருவிழா முடிந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் திரும்பிப் போன பிறகு, செப்டெம்பரில் என்னிடம் வரும் பெற்றோரில் சிலர் ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள். "மாமா கனடாவில இருந்து பிளேஸ்டேஷன் கொண்டு வந்து குடுத்திட்டுப் போட்டார். அண்டையில இருந்து இவன் எங்களோட கதைக்கிறதே இல்லை." உளவளத்துணையாளராக நான் அவர்களிடம் முதலில் கேட்பது, பிள்ளை என்ன கேம் விளையாடுகிறான் என்பதைத்தான். "ஏதோ அடிபடுறது", "ஏதோ கார் ஓடுறது" என்று பதில் வரும். எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறான் என்று அவர்கள் துல்லியமாகச் சொல்லுவார்கள். யாரோடு விளையாடுகிறான், தோற்றால் என்ன செய்கிறான், எதில் கெட்டிக்காரன் என்று கேட்டால் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியைப் பூட்டி அலுமாரிக்கு மேல் வைப்பதற்கு முன், இரண்டாவது கொன்ரோலரை, அதாவது கையில் பிடித்து விளையாடும் பொத்தான் கருவியை, எடுத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இருங்கள். ஒரு கிழமை விளையாடிப் பாருங்கள். அப்புறம் கதைப்போம்.

போனில் விளையாடும் பிள்ளையை விட ரிவியில் விளையாடும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. போனை எடுத்துக்கொண்டு பிள்ளை அறைக்குள் போய்விடும், போர்வைக்குள்ளும் போகும். பிளேஸ்டேஷனோ நின்டெண்டோ சுவிட்சோ பெரும்பாலான வீடுகளில் ஹோலில் இருக்கிற ரிவியில்தான் பூட்டப்படுகிறது. திரை எல்லோருக்கும் தெரியும், சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். பக்கத்தில் இன்னொருவர் இருந்து விளையாட இடமும் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாங்கள் வெறுமையாக விட்டுவிடுகிறோம்.

பெற்றோர் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் முதலாவது பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தது 1994 டிசம்பரில். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள்தான் இன்றைக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளின் அப்பா அம்மாமார். கையில் எட்டுப் பத்துப் பொத்தான்களோடு ஒரு சாமானைத் தந்தால் அவர்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து விளையாடுவது எங்களுக்குப் புதிதில்லை. 304 விளையாட ஒரு கை குறைந்தால் பத்து வயதுப் பிள்ளையையும் பாயில் இருத்திச் சேர்த்துக்கொண்ட வீடுகள் இவை. மாமா இறக்கும் சீட்டைப் பார்த்துப் பார்த்தே பிள்ளை பழகியது. கரம் போட்டைச் சுற்றி இருந்ததும் அப்படித்தான்.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மகனுக்குப் பதினொரு வயது. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி கிடைக்காத நாளிலிருந்து வீட்டில் கதை குறைந்துவிட்டது. ஓவர்குக்ட் என்ற விளையாட்டை இரண்டு பேரும் விளையாடிப் பார்க்கச் சொன்னேன். ஒரே குசினிக்குள் எல்லோரும் நின்று மரக்கறி வெட்டி, சமைத்து, நேரம் முடிய முன் கோப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அழுக்குக் கோப்பைகளைக் கழுவாவிட்டால் அடுத்த சாப்பாட்டைக் கொடுக்க முடியாது. இருபது வருடமாகச் சமைக்கிற அம்மாவுக்கு அந்தக் குசினியில் கத்தியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மகன் சொல்லிக் கொடுத்தான்.

"அம்மா, அங்கால போகாதேங்கோ, விழுந்திடுவியள். நீங்கள் கோப்பையைக் கழுவுங்கோ."

"வீட்டிலயும் நான்தானே தம்பி கழுவுறன்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இந்த முறை நான் கழுவுறன், நீங்கள் வெட்டுங்கோ" என்றானாம். அதைச் சொல்லும்போது அந்தத் தாய் அழுதுகொண்டே சிரித்தார்.

எங்கள் பிள்ளைகளின் நாள் முழுவதும் பாருங்கள். விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி ரியூசன். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் அவர்களைச் சோதிக்கிறார், புள்ளி போடுகிறார். வீட்டுக்கு வந்தால் நாங்களும் அதையே கேட்கிறோம். தனக்குத் தெரிந்ததை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க, அம்மா பிழை விடும்போது பொறுத்துக்கொள்ள, ஒரு பிள்ளைக்கு வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கிறது? அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: விளையாடும் நேரத்தில் கணிதப் புள்ளியை எடுக்காதீர்கள். "இந்தக் கெட்டித்தனத்தைப் படிப்பில காட்டினால் என்ன?" என்ற ஒரு வசனம் போதும், அடுத்த நாள் அவன் உங்களைக் கூப்பிடமாட்டான்.

முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் நல்லது. நான்கு பேர் ஒரே ரிவியில் ஓடலாம். வண்டி பாதையை விட்டு விலகாமலும், பொத்தானை அழுத்தாமலே முன்னால் போகவும் அதில் ஒரு வசதி இருக்கிறது. அம்மம்மாவும் ஓடலாம். மைன்கிராஃப்டில் திரையைப் பிரித்துக்கொண்டு சேர்ந்து வீடு கட்டலாம். இற் டேக்ஸ் டூ என்ற 2021ஆம் ஆண்டு விளையாட்டை இருவர் சேர்ந்தால்தான் விளையாடவே முடியும். ஆனால் அதன் கதை விவாகரத்துக்கு ஆயத்தமாகும் ஒரு தாய் தகப்பனைப் பற்றியது. வீட்டில் அப்படி ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தால் சின்னப் பிள்ளையோடு அதைத் தொடங்க வேண்டாம்.

சேர்ந்து விளையாடுகிறவருக்கு நிறுத்தச் சொல்லவும் தெரியும். "இப்ப உடன நிப்பாட்டு" என்று கத்தி வயரைப் பிடுங்கும் வீடுகளில்தான் பெரிய சண்டை வருகிறது. இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் ஒரு ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. இடையில் விட்டுப் போனால் கூட ஆடுகிறவர்கள் ஏசுவார்கள். சில விளையாட்டுகளில் சேமிக்கும் இடம் வரும் வரை போகாவிட்டால் அதுவரை விளையாடியது அழிந்துவிடும். இது தெரிந்த அப்பா, "இந்த மட்ச் முடிய வா தம்பி, சாப்பிடுவம்" என்று சொல்லுவார். அதைப் பிள்ளை கேட்கும்.

இன்னொரு விடயம் எங்கள் ஊருக்கே உரியது. துவக்குச் சூட்டு விளையாட்டுகளின் சத்தம் இப்போது மிகவும் தத்ரூபமாக இருக்கிறது. ஷெல் விழுந்ததை நேரில் கண்டவர்கள், பங்கருக்குள் இரவைக் கழித்தவர்கள் வாழும் வீட்டின் ஹோலில் அந்தச் சத்தம் கேட்கும்போது என்ன நடக்கும்? அப்பம்மா எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். சில அப்பாமாருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும், பிள்ளைக்கு அடி விழும். அது பிள்ளையின் பிழையுமில்லை, பெரியவரின் பிழையுமில்லை. பழைய பயம் உடம்பில் இன்னும் இருக்கிறது. பிள்ளையிடம் அமைதியாகச் சொல்லுங்கள்: "இந்தச் சத்தம் அப்பம்மாவுக்குக் கஷ்டமாக் கிடக்கு." பிள்ளைகள் நாங்கள் நினைப்பதை விட நன்றாக விளங்கிக்கொள்வார்கள். சிலர், "நீங்களும் உண்மையா பங்கருக்குள்ள இருந்தனீங்களோ அப்பா?" என்று கேட்பார்கள். சொல்ல முடிந்தவர் சொல்லுங்கள். முடியாதவர் பிறகு சொல்கிறேன் என்றால் போதும். நான் பார்த்த சில குடும்பங்களில் போரைப் பற்றிய முதல் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்பது அந்த கேம் வரும் பெட்டியிலேயே இருக்கிறது. லண்டன், பிரான்ஸ், சுவிஸ் சொந்தங்கள் கொண்டு வரும் பெட்டியில் பெரும்பாலும் 3, 7, 12, 16, 18 என்ற எண்களில் ஒன்று இருக்கும். கனடாவிலிருந்து வருவதில் எழுத்து இருக்கும்: ஈ என்றால் எல்லோருக்கும், ரி என்றால் 13 வயதுக்கு மேல், எம் என்றால் 17 வயதுக்கு மேல். மாமாவுக்கு அந்தப் பிள்ளையின் வயது சரியாக நினைவில் இருக்காது, கடைசியாகப் பார்த்தது எப்போதோ. அதனால் நீங்கள்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷனிலோ சுவிட்சிலோ திறக்கும் பயனர் கணக்கைப் பிள்ளைக்குரிய கணக்காகத் திறந்தால் நேரத்துக்கும் செலவுக்கும் எல்லை வைக்கலாம். வங்கி அட்டையை அதில் சேமித்து வைக்காதீர்கள்.

"இவன் கேமுக்கு அடிமை, டொக்டரிட்டக் காட்ட வேணுமோ?" என்று கேட்கும் பெற்றோருக்கு: உலக சுகாதார நிறுவனம் 'விளையாட்டுக் கோளாறு' என்பதை ஒரு நோய்நிலையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் அது இருக்கிறது. விளையாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு முதலிடம் கொடுப்பது, கெடுதல் நடந்த பிறகும் விடாமல் தொடர்வது ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றால் படிப்பும் குடும்பமும் பழக்கங்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், வழமையாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். லீவு நாளில் மூன்று மணித்தியாலம் விளையாடுவது அதற்குள் வராது. ஆனால் பிள்ளை நித்திரை கொள்ளாமல், குளிக்காமல், கூட்டாளிகளை விட்டு, பள்ளிக்கூடம் போக மறுத்தால் பன்னிரண்டு மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. உளநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நித்திரையைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணித்தியாலமாவது வேண்டும். விடிய ரியூசன் இருக்கிற பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கடைசியாக, அப்பா கட்டாரிலோ பிரான்சிலோ வேலை செய்யும் வீடுகளைப் பற்றி. வீடியோ அழைப்பில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் மௌனமாகிவிடுகிறது என்று பல அப்பாமார் சொல்லுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வகைப் பெட்டி இருந்தால் சேர்ந்து விளையாடலாம். இணையத்தில் சேர்ந்து ஆட, பல விளையாட்டுகளுக்குச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே பின்னேரம் ஒன்றரை மணி என்றால் இங்கே நான்கு மணி, பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டு முடித்த நேரம். ஒரு உதைபந்தாட்ட மட்ச் ஆடுங்கள். ஆடிக்கொண்டு கதைக்கும்போது வகுப்பில் யார் அடித்தான், எந்த ரீச்சர் ஏசினார் என்பதெல்லாம் கேட்காமலே வரும்.