யாவேக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர்

சீனாய்ப் பாலைவனத்தின் வடகிழக்கில் குந்திலத் அஜ்ருத் என்று ஓர் இடம். 1975-76ல் அங்கே தோண்டியபோது, சுமார் 2,800 ஆண்டுப் பழமையான இரண்டு பெரிய ஜாடிகள் உடைந்து கிடந்தன. ஒன்றில் மையால் எழுதிய ஒரு வரி: “சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அசேராவாலும் உங்களை ஆசீர்வதிக்கிறேன்.”

சமாரியா, வட இஸ்ரவேல் நாட்டின் தலைநகர். யாவே, இஸ்ரவேலரின் கடவுள்; தமிழ் பைபிளில் ‘கர்த்தர்’. சரி, அசேரா யார்? கானான் நாட்டுப் பெண் தெய்வம். அவளைக் குறிக்கும் மரத்தூணைத்தான் இந்த வரி சொல்கிறது என்போரும் உண்டு. பழைய தமிழ் பைபிளில் ‘தோப்பு விக்கிரகம்’ என்று வருவது இதுதான். பலர் அதை ஏதோ தோப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார்கள். கி.மு. 622 வாக்கில் யோசியா ராஜா அதை வெளியேற்றி, கீதரோன் ஆற்றோரம் எரித்தார் என்கிறது இரண்டாம் ராஜாக்கள் நூல். எங்கிருந்து வெளியேற்றினார்? எருசலேமில் யாவேயின் ஆலயத்துக்குள்ளிருந்தே! அங்கே பெண்கள் அதற்குத் துணி நெய்துகொண்டும் இருந்தார்களாம்.

பத்துக் கட்டளைகளின் முதல் கட்டளையும் ‘வேறு தேவர்கள் உனக்கு வேண்டாம்’ என்றுதான் சொல்கிறது. அவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பைபிளின் உபாகமம் நூலில், 32:8ல், உன்னதமானவர் ஜாதிகளுக்கு, அதாவது உலக இனங்களுக்கு, எல்லை பிரிக்கிறார். ‘இஸ்ரவேல் புத்திரரின்’ எண்ணிக்கைப்படி என்பது வழக்கமான எபிரேயப் பாடம். சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய பைபிள் சுருளில் அதே இடத்தில் ‘தேவபுத்திரர்’ என்று இருக்கிறது. ஆளுக்கொரு ஜாதி என்று தெய்வங்களுக்குப் பங்கு பிரித்த கணக்கு அது. பின்னால் யாரோ சங்கடப்பட்டுத் திருத்தியிருக்கிறார்கள் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு.

அப்புறம் எப்படி ‘ஒருவரே’ ஆனார்? என் பார்வையில், தோல்விதான் பெரிய காரணம். கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது. 586ல் எருசலேமும் ஆலயமும் பாபிலோனியரிடம். ஊர் விழுந்தால் அந்த ஊர்த் தெய்வமும் தோற்றது என்பதுதான் அன்றைய உலக வழக்கம். தீர்க்கதரிசிகள் கணக்கையே மாற்றிப் போட்டார்கள்: யாவே தோற்கவில்லை, தன் ஜனத்தைத் தண்டிக்க அவரே எதிரியை அனுப்பினார், அசீரியா அவர் கையிலிருந்த கோல். இதை ஒப்புக்கொண்டால் அடுத்த படி தானாக வந்துவிடும். அசீரியாவையும் பாபிலோனையும் யாவேதான் ஆட்டுவிக்கிறார் என்றால், பாபிலோனின் தெய்வம் மர்துக்குக்கு அங்கே என்ன வேலை? யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த சிறையிருப்பின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் பாரசீக மன்னன் கோரேசிடம் யாவே நேராகவே சொல்கிறார்: “நானே கர்த்தர், வேறொருவர் இல்லை.”

இது எல்லோரையும் உடனே எட்டிவிடவில்லை. நைல் நதியில் எலிஃபன்டைன் தீவில் யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். கி.மு. 400 வாக்கில் அவர்கள் எழுதிய நன்கொடைப் பட்டியல் ஒன்று பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. தலைக்கு இரண்டு சேக்கல் (அன்றைய எடை அளவு) வெள்ளி, யாவேக்கு என்று தலைப்பு. கடைசியில் கூட்டிப் பிரித்த கணக்கில் யாவேக்கு 126 சேக்கல், எஷெம்பெத்தேல் என்ற தெய்வத்துக்கு 70, அனாத்பெத்தேல் என்ற தேவிக்கு 120.