குளிர் காலையில் டூ ஸ்ட்ரோக்: கிளம்பிய பிறகுதான் கவனம் வேண்டும்

மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலையில் போனால் தெருவுக்கு ஒரு வண்டியாவது உதை வாங்கிக்கொண்டிருக்கும். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், ஆர்எக்ஸ் 100, எப்போதாவது ஒரு ஜாவா. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்குவது இங்கே சாதாரணம். "சோக்கைப் போட்டு உதைப்பா" என்று யாராவது சொல்வார்கள், நாலு உதையில் வண்டி புகை கக்கிக்கொண்டு கிளம்பும், எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் இந்த வண்டிகளில் இருக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு (பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு தடவை எரித்து முடிக்கும் ரகம்) குளிர் செய்யும் பெரிய கெடுதல் கிளம்பாமல் அடம்பிடிப்பது இல்லை. கிளம்பிய பிறகு வரும் சில நிமிடங்களில்தான் அது நடக்கிறது.

இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கனடா, அலாஸ்கா பக்கம் டூ ஸ்ட்ரோக் ஏடிவி ஓட்டுகிறவர்கள். ஏடிவி என்பது தடித்த டயர் போட்ட, கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி. யமஹாவின் பான்ஷி, பிளாஸ்டர் போன்றவை இந்த ரகம். அங்கே மைனஸ் 30 டிகிரி, இங்கே பிளஸ் 12. அளவுதான் வேறு, இன்ஜினுக்குள் நடப்பது ஒன்றுதான்.

முதலில் ஸ்டார்ட்டிங். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது, அதன் ஆவிதான் எரியும். காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிளக் எவ்வளவு பொறி விட்டாலும் பயனில்லை. குளிரில் பெட்ரோலின் இலேசான பகுதிகள் மட்டுமே ஆவியாகும். டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் அடியில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சுழலும் அறைக்குள் போய், அங்கிருந்து மேலே தள்ளப்படுகிறது. இரவெல்லாம் குளிர்ந்த அந்த உலோக அறையில் ஆவியின் ஒரு பகுதி திரும்பவும் துளியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோக் போடுவது இதற்காகத்தான். ஊற்றுவதில் கொஞ்சம்தான் ஆவியாகும் என்றால் அதிகமாக ஊற்று, அவ்வளவுதான் அதன் தத்துவம்.

சோக்கோடு உதைத்துக்கொண்டே இருந்தால் அடி அறையில் பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். அப்போது பெட்ரோல் டேங்கின் குழாயை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி உதைத்தால் உபரி வெளியேறும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் இன்னும் நல்லது. கிக்கர் வண்டிகள் பலவற்றில் பேட்டரி கவலை இல்லை. பொறிக்கான மின்சாரத்தை மேக்னட் சுழன்றே கொடுத்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியின் தள்ளும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், குளிர் நாடுகளில் கிக்கருக்கு இன்றும் மரியாதை உண்டு.

சரி, வண்டி கிளம்பிவிட்டது. சிலிண்டருக்குள் இப்போது என்ன நடக்கிறது?

பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. பழைய வண்டிகளில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஆர்எக்ஸ் 100-இன் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டம். அது 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மில்லிமீட்டர் பருக்கும். அதே சூட்டில் இரும்பு சிலிண்டர் அதில் பாதியளவுதான் விரியும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். இரண்டும் சேர்ந்து நிதானமாகச் சூடேறினால் அந்த இடைவெளி போதும். கிளம்பிய கையோடு ஆக்சிலேட்டரை முறுக்கினால் நெருப்புக்கு நேரே இருக்கும் பிஸ்டன் உடனே சூடாகிறது. குளிர்காற்று படும் சிலிண்டர் அப்படியே இருக்கிறது. வளர்ந்த பிஸ்டன் வளராத சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் கழற்றிக் காட்டும்போது பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில், ஏறக்குறைய சம தூரத்தில், மேலிருந்து கீழாகத் தேய்ந்த கோடுகள் இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் குளிர்ப் பிடிப்புதான். ஆயில் குறைந்ததால் வந்த பிடிப்பில் கீறல் இப்படி வரிசையாக இருக்காது, சுற்றிலும் பரவலாக இருக்கும்.

அந்த ஆயில் விஷயமும் குளிரில் சிக்கலானது. டூ ஸ்ட்ரோக்கில் அடி அறையில் ஆயிலைத் தேக்கி வைத்து கிராங்கை நனைக்க முடியாது, உள்ளே போகும் கலவையோடுதான் ஆயிலும் வர வேண்டும். பெட்ரோலிலேயே கலப்பதானால், ஒரு பங்கு ஆயிலுக்கு ஐம்பது பங்கு பெட்ரோல் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஓசூரில் மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே கட்டியாகிவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் அந்த அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் குளிரில் தடித்துப்போகும், குளிர்ந்த பெட்ரோலில் சட்டென்று கரையாமல் அடியில் தங்கும். டேங்கில் ஊற்றிவிட்டு வண்டியை ரெண்டு ஆட்டு ஆட்டுவதெல்லாம் கோடைக்குச் சரி. குளிர்காலத்தில் வேறொரு கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி ஊற்றுவதே முறை.

அப்புறம் காற்று. 40 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 12 டிகிரிக் காற்று ஏறக்குறைய 10 சதவீதம் அடர்த்தி. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டுக்கு இது தெரியாது. காற்று கூடிய அளவுக்கு அது பெட்ரோலைக் கூட்டாது. கலவை மெலிந்து, சூடு கூடி, கூடவே ஆயிலும் குறையும். மைனஸ் 30-க்குப் போகிறவர்கள் மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றுவது இதனால்தான். நமக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. குளிர் கூட்டியதை உயரம் கழித்துவிடுகிறது. சென்னையில் மே மாத நண்பகலுக்குப் பொருந்திய ஜெட் ஓசூரில் ஜனவரி விடியலுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்!

ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை தானாக மெலிந்துவிடும். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் குளிர்காலை ஸ்டார்ட்டிங்கும் கொஞ்சம் கடினம். பிளக்கின் மூக்கு பழுப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ஒரு சைஸ் பெரிய ஜெட்டைப் பற்றி மெக்கானிக்கிடம் பேசலாம்.

உறைபனி நாட்டு ஏடிவிக்காரர்களுக்கு நமக்கில்லாத கவலைகளும் உண்டு. ஆக்சிலேட்டர் கேபிளில் புகுந்த ஈரம் உறைந்து, அழுத்தியது திரும்பி வராமல் நின்றுவிடும். ஏடிவி டயரில் காற்றழுத்தம் வெறும் 4 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். 20 டிகிரி கொட்டகையில் அடித்துவிட்டு மைனஸ் 20-க்கு வெளியே எடுத்தால் மிஞ்சுவது ஒன்றரை பிஎஸ்ஐகூட இல்லை. பஞ்சர் என்று நினைத்துத் தேடுவார்கள்.

நம் பக்கம் கவனிக்க வேண்டிய இடம் தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது நீண்ட இறக்கம். ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகத்தான் உள்ளே வரும், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் ஆயிலும் அப்படியே. குளிர்ந்த காற்று வேறு சிலிண்டரை ஆறவைத்துவிடும். அடிவாரத்துக்கு வந்ததும் ஒரே முறுக்காக முறுக்கினால் காலையில் தவிர்த்த அதே குளிர்ப் பிடிப்பு இங்கே வரலாம். இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே வரவேண்டும். வீட்டில் கிளம்பும்போது இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, சிலிண்டரின் வெளிப்பக்க மடிப்புத் தகடுகளில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சோக்கை எடுத்தும் இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு அரை ஆக்சிலேட்டரைத் தாண்ட வேண்டாம். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் தப்பு. பிளக்கில் கரி படிந்து, சைலன்சர் மூட்டில் ஆயில் வழிய ஆரம்பித்துவிடும்.