அவசரத்துக்கென்று நிறுத்தி வைத்த கார்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கார் எதற்கு நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஆத்திர அவசரத்துக்கு." பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். சந்தைக்குச் சைக்கிள், கோயிலுக்கு நடை, வங்கிக்கு ஓட்டோ. கார் போர்ட்டிக்கோவில் போர்த்தபடி நிற்கும். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வந்தால் மூன்று கிழமை ஓடும், பிறகு அடுத்த திருவிழா வரை நிற்கும். கராஜுக்குக் கட்டி இழுத்து வருகிற கார்களில் நின்று பழுதானவை நிறைய. நெஞ்சு நோகிறது என்று இரவு இரண்டு மணிக்குத் திறப்பைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்றுவிட்டு அடங்கிப்போவதும் இந்தக் கார்தான்.

முதல் காரணம் பற்றரி. பூட்டிவிட்டுப் போனாலும் இன்றைய கார் முழுதாக நிற்பதில்லை. அலாரம், ரிமோட் பூட்டு, மணிக்கூடு, எஞ்சின் கம்பியூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. சிறிய காரின் பற்றரி 35 அல்லது 45 அம்பியர் மணிதான். 45 இல் பாதி 19 நாளில் போய்விடும். பாதிக்குக் கீழே இறங்கிக் கிடக்கிற பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகத் தொடங்கும். அப்படி இறுகிய பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. எங்கள் வெயில் வேறு அதைத் துரிதப்படுத்தும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். முதல் நாள் இரவு நிறுத்திய காரில் காலையில், திறப்புப் போடாமல், பற்றரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைவு. 12.4 முக்கால். 12.2 அரை. 12க்குக் கீழே என்றால் அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டாவிட்டால் கோளாறு பற்றரியில் இல்லாமல், ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்ரனேற்றரிலோ அதன் பட்டியிலோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டினால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

"கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணி விடுறனாங்கள்" என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் காருக்கு அது கெடுதல். ஏழு நாளில் 8 அம்பியர் மணி கசிந்திருக்க, பத்து நிமிட ஐட்லிங்கில் ஒல்ரனேற்றர் அதில் ஒரு சிறு பங்கைத்தான் திருப்பிக் கொடுக்கும். மற்றக் கேடு கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்பியூட்டர் கூடுதலாகப் பெற்றோல் கொடுக்கும், அதில் எரியாத பங்கு ஒயிலுக்குள் இறங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது வெளியே போய்விடும், பத்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்சருக்குள் தேங்கி உள்ளேயிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் வெண்ணெய் போல ஒரு படலம் இருக்கிறதா? ஒயிலில் ஈரம் சேருகிறது என்று அர்த்தம். அதோடு றேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டு வந்தால் எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கிற கஸ்கற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டு கிழமைக்கு ஒரு முறை நிறுத்தாமல் 25, 30 கிலோமீற்றர் ஓட்டுவது. யாழ் நகரிலிருந்து ஏ9 வீதியில் சாவகச்சேரி போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும். வலிகாமப் பக்கம் இருப்பவர்கள் காங்கேசன்துறை வீதியில் போய் வரலாம். அதில் பத்து நிமிடமாவது ஏ.சியைப் போடுங்கள். கொம்பிரசரின் சீல்கள் காஸோடு சுற்றுகிற ஒயிலில்தான் நனைகின்றன, காய்ந்தால் காஸ் கசியும். இரண்டு கிழமைக்கு ஒரு முறைகூட ஓட்ட ஆள் இல்லையென்றால், 10 ஆம் இலக்க ஸ்பனரால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். நெகற்றிவ்தான் முதலில். முதலில் பொசிற்றிவ்வைத் தொட்டால், ஸ்பனர் காரின் இரும்புப் பாகத்தில் முட்டினவுடனே தீப்பொறி பறக்கும்.

"அந்தக் காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மாதக்கணக்கில் நின்றும் ஓடினதே" என்று ஐயாமார் கேட்பார்கள். உண்மைதான். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது சில துளி பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலேயே அவற்றை ஓட்டினார்கள். நிறுத்திய பிறகு மின்சாரத்தை இழுக்க அந்தக் கார்களில் ஒன்றும் இல்லை. பற்றரி ஸ்ராட்டரைச் சுற்ற மாட்டாத அளவுக்கு இறங்கினாலும் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றலாம். இன்றைய இன்ஜெக்சன் காருக்கு அந்த வழி கிடையாது. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்ராட் பண்ணவும் முடியாது.

ஹைபிரிட், அதாவது பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற கார், வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அக்குவா, பிறியஸ் போன்றவற்றில் பெரிய பற்றரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் 12 வோல்ற் சிறிய பற்றரி இறங்கினால் கார் எழும்பாது. அதற்குச் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் 'ரெடி' விளக்கு எரிய வேண்டும், வெறுமனே ரேடியோ மட்டும் போடுகிற நிலையில் விட்டால் இன்னும் இறங்கும். பின் இருக்கைப் பக்கத்தில் இருக்கிற காற்று வாங்கும் துவாரத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள். அதற்கு முன்னால் சாமான் பை வைப்பதும், செம்பாட்டுத் தூசி அடைந்த வலையைத் துப்பரவாக்காமல் விடுவதும் பெரிய பற்றரியைச் சூடாக்கிக் கொல்லும். ஒரு கைத்தும்புத்தடி வாங்குகிற செலவில் முடிகிற துப்பரவு வேலை அது.

ஜம்பர் வயர் வீட்டில் இருக்கட்டும். சிவப்பை இறங்கிய பற்றரியின் பொசிற்றிவ்வில் பூட்டி, மறுமுனையை நல்ல பற்றரியின் பொசிற்றிவ்வில் பூட்டுங்கள். கறுப்பை நல்ல பற்றரியின் நெகற்றிவ்வில் பூட்டி, கடைசி முனையை இறங்கிய காரின் பெயின்ற் இல்லாத இரும்பில், பற்றரிக்குத் தள்ளிப் பூட்டுங்கள். பற்றரிக்கு மேல் ஐதரசன் நிற்கலாம், கடைசித் தீப்பொறி அங்கே விழக் கூடாது. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை ஸ்ராட் பண்ணுங்கள். கழற்றும்போது ஒழுங்கு தலைகீழ். ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு காருக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் விசயத்தில் யாழ்ப்பாணம் வேறு ஊர் மாதிரி இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைதான் றேடியேற்றர் குழாய்களிலும் படியும். கூலன்ரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ விடுங்கள், பற்றரிக்கும் அதே தண்ணீர்தான். தீவுப் பக்கம் போய்ப் பண்ணைப் பாலத்தால் திரும்புகிறவர்கள் காரின் அடியை அடுத்த நாளே கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். உவர்க் கிணற்றில் அள்ளி ஊற்றினால் உப்புக்கு மேல் உப்பு.

ரயரில் பூவை, அதாவது நிலத்தில் படுகிற வெட்டுகளை, மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓடாத காரின் ரயரில் பூ அப்படியே இருக்கும், பக்கச்சுவர் வெடித்திருக்கும். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கிறது. 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது. ஆறு வயது தாண்டினால் நெடுந்தூரம் போகாமல் மாற்றுவது நல்லது. காற்றளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் நிற்கப் போகிற காருக்கு அதை விட ஐந்து பி.எஸ்.ஐ கூட்டி விடலாம். கைப்பிறேக்கைப் போட்டு விடாமல் கியரில் வைத்து, சில்லுக்குக் கட்டை கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் கைப்பிறேக் இழுத்தபடியே இறுகிவிடும்.

தறப்பாளால் மூடினால் ஈரம் உள்ளே அவியும், காற்றுப் போகிற துணி உறைதான் சரி. வைப்பருக்குக் கீழே வேப்பிலை அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் இறங்கும். எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள், அணில் தும்பு சேர்த்துக் கூடு கட்டியிருக்கும்.

இவ்வளவும் செய்ய ஆள் இல்லையென்றால், அந்தக் கார் வேண்டுமா என்றே யோசிக்க வேண்டும். ஒரு கணக்குக்கு: 50 இலட்சம் பெறுமதியான கார், ஆண்டுக்கு 3,000 கிலோமீற்றர் ஓட்டம். அந்தக் காசு வைப்பில் 7 சதவீதத்துக்குக் கிடந்தால் 350,000 ரூபாய் வரும். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், ரயர், பற்றரித் தேய்மானம் எல்லாம் ஒன்றரை இலட்சம் என்று வையுங்கள். பெற்றோல் ஊற்றுவதற்கு முன்னமே கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 167 ரூபாய் போய்விட்டது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு, சந்தி ஓட்டோக்காரரும் வான்காரரும் கேட்கிற காசோடு ஒப்பிடுங்கள். "கார் விலை ஏறத்தானே செய்யும்" என்ற பழைய நம்பிக்கை 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு வலுத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்டது, இனி விலை ஏறும் என்று நம்பிக் காரை வைத்திருக்காதீர்கள்.

நடுச்சாம அவசரத்துக்கு முதலில் அழைக்க வேண்டியது 1990. அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. அதில் ஒட்சிசனும் பயிற்சி பெற்றவரும் இருப்பார்கள், உங்கள் காரில் இருக்காது. அதோடு, இரவில் போன் எடுக்கிற இரண்டு ஓட்டோக்காரரின் இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுபது வயதுக் கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி தேடாமலே தெரிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியதும் உறையை இழுத்துவிட்டு ஓட நினைக்கிற பிள்ளைகளுக்கு: முதலில் காருக்குக் கீழே நிலத்தைப் பாருங்கள், ஒயிலோ தண்ணீரோ சொட்டியிருக்கிறதா என்று. பொனற்றுக்குள் எலிப் புழுக்கையும் கடித்த வயரும் பாருங்கள். பிறேக் ஒயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிறகு ஸ்ராட் பண்ணி, கேற்றுக்குள்ளேயே ஊர்ந்து இரண்டு மூன்று தரம் பிறேக்கை மிதித்துப் பாருங்கள். டிஸ்க்கில் துரு உரசுகிற சத்தம் சில கிலோமீற்றரில் போய்விடும், பெடல் தாழ்ந்து போனால் றோட்டுக்கு எடுக்காதீர்கள். அங்கத்தைய லைசென்ஸ் மட்டும் இங்கே போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் ஓட்டி அடிபட்டால் காப்புறுதிக் காசு கையில் வராமல் போகலாம், அடிபட்டவரின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.