மகனின் முடியும் ஒரு தபால் உறையும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்த ஒருவர், மேசைமீது ஒரு தபால் உறையை வைத்தார். மகன் தனக்குப் பிறந்தவனில்லை என்று காட்டுவதற்காக, தூங்கிக்கொண்டிருந்த அவனது தலைமுடியை வேரோடு பிடுங்கித் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கிய டிஎன்ஏ அறிக்கை அதில் இருந்தது. உறையைப் பிரிக்காமலே, பிள்ளை உண்டான காலத்தில் எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டேன். "ஒரே வீட்டில்தான் சார், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது" என்றார். அவருடைய வழக்கு அந்தப் பதிலிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது.

செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கும் நிலையில் 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் குழந்தை, அந்தக் கணவரின் முறையான பிள்ளை என்பதற்கு அந்தப் பிறப்பே அறுதியான சான்று என்கிறது சட்டம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவு சொல்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் கூடுவதற்கு வாய்ப்பே இல்லை என்று மெய்ப்பிப்பது ஒன்றுதான் இதற்கு விலக்கு. ஒரே கூரையின் கீழ் முகம் பார்க்காமல் வாழ்ந்தோம் என்பது வாய்ப்பின்மை ஆகாது. கணவர் துபாயில் வேலை பார்த்தார், அந்த ஓராண்டில் ஊருக்கே வரவில்லை என்பதைப் பாஸ்போர்ட்டின் குடிநுழைவு முத்திரைகள் காட்டுமானால் நிலைமை வேறு. அந்தப் பக்கங்களின் நகல்தான் அப்போது முதல் ஆவணம்.

டிஎன்ஏ சோதனைக்கு உத்தரவிடக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கேட்டவுடன் கிடைப்பதில்லை. மேற்கு வங்கத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், வாய்ப்பின்மைக்கு வலுவான முதல்நோக்கு ஆதாரத்தை, அதாவது முழு விசாரணைக்கு முன்பே முதல் பார்வையில் நம்பத்தக்க ஆதாரத்தைக் கணவர் காட்டியாக வேண்டும் என்றும், யாரையும் இரத்த மாதிரி தரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றும் கூறியது. 2014-இல் ஒரு ஜீவனாம்ச வழக்கில், நீதிமன்ற உத்தரவின்பேரில் எடுத்த சோதனையின் முடிவு, கணவரே தந்தை என்ற சட்ட அனுமானத்தை வென்றது. இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வருவோர் பலர். உத்தரவு கிடைப்பதற்கே என்ன தேவை என்ற முந்தைய கேள்வியை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். மனைவியின் தகாத உறவை மெய்ப்பிக்கக் குழந்தையின் டிஎன்ஏவைக் குறுக்கு வழியாக்கக் கூடாது, அதற்கு வேறு சாட்சியம் தேடுங்கள் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. வழக்கில் கட்சிக்காரராகக்கூட இல்லாத பிள்ளைதான் அங்கே மாதிரி கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் திருட்டுத்தனமாக எடுத்த மாதிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த முடி யாருடையது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நீதிமன்றச் சோதனையில் மாதிரி தருபவரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டு, மாதிரி முத்திரையிடப்பட்டே ஆய்வகத்துக்குப் போகிறது. திருமணமே நடக்காத உறவில் பிறந்த குழந்தைக்கு இந்த அனுமானம் பொருந்தாது. ஆனால் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை அந்தக் குழந்தைக்கும் உண்டு.

உறையோடு வந்தவரும் அவர் மனைவியும் கடைசியில் பரஸ்பர சம்மத மணவிலக்குக்கு ஒப்புக்கொண்டார்கள். "இத்திருமணத்தின் மூலம் ஓர் ஆண் குழந்தை உள்ளது" என்ற வரியை மனுவில் இரண்டு முறை படித்துவிட்டு, அவர் கையெழுத்திட்டார்.