தேன்பெட்டியின் காற்றோட்டம்: மூடியைத் திறக்கும் முன் அடிப்பலகையைப் பாருங்கள்

பெட்டியைச் சோதிக்க அழைப்பவர்கள் வழக்கமாக மேல்மூடியைத்தான் முதலில் திறந்து காட்டுவார்கள். நானோ குனிந்து அடிப்பலகையைப் பார்ப்பேன். வலை பொருத்திய அடிப்பலகையானால், வலைக்கு அடியில் செருகியிருக்கும் கீழ்த் தட்டை உருவினாலே பாதிச் செய்தி தெரிந்துவிடும். பழுப்புத் துகள்கள் வரிவரியாக விழுந்திருந்தால், அந்த வரிகளுக்கு நேர் மேலே உள்ள அடைகளில் தேனீக்களின் புழு வளர்ப்பு (குஞ்சு வளர்ப்பு) நடக்கிறது என்று பொருள். வெண்ணிற மெழுகுச் செதில்கள் கிடந்தால் தேனீக்கள் புதிய அடை கட்டுகின்றன.

கூட்டின் காற்றை நாம் நடத்துவதில்லை, தேனீக்களே நடத்துகின்றன. புழு அறையை 34 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கவும், பாதிக்கு மேல் நீராகவே வந்து சேரும் பூ மதுரத்தை 20 விழுக்காட்டுக்கும் குறைவான ஈரமுள்ள தேனாக வற்றவைக்கவும், பணித் தேனீக்கள் வாசலில் நின்று இறக்கை விசிறிக்கொண்டே இருக்கின்றன. இத்தாலியத் தேனீ தலையைக் கூட்டின் பக்கம் வைத்து உள்காற்றை வெளியே இழுக்கும். இந்தியத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும். இரண்டு முறைகளுக்கும் காற்று செல்ல ஓர் ஒழுங்கான வழி வேண்டும். கோடையில் புழுங்குகிறதே என்று மூடியிலும் பக்கங்களிலும் துளையிடுபவர்கள் அந்த ஒழுங்கைத்தான் கெடுக்கிறார்கள். எறும்புக்கும் தேனைத் திருட வரும் வேற்றுக்கூட்டுத் தேனீக்கும் கூடுதல் வாசல் திறந்துவிடுவது தனிக் கணக்கு. வெயில் காலத்தில் முதலில் நிழல், அடுத்து அருகில் தண்ணீர் (உள்ளே நீர்த்துளிகளைப் பரப்பி விசிறித்தான் அவை கூட்டைக் குளிரவைக்கின்றன), அதன்பின் வாசலை முழுதாகத் திறந்து கீழ்த் தட்டை எடுத்துவிடுவது என்பதே என் வரிசை.

மழைக்காலம்தான் அடிப்பலகைக்கு உண்மையான சோதனை. பெட்டியை முன்புறம் சற்றே சரித்து வைத்தால் வாசல் வழியே அடித்த சாரல் தானே வடிந்துவிடும். பின்புறம் சரிந்திருந்தால் அதே நீர் உள்ளே தேங்கி, மெழுகுத் துகளோடும் மகரந்தத்தோடும் சேர்ந்து சேறாகும். மெழுகு அந்துப்பூச்சிக்கு அதைவிட வசதியான தொட்டில் கிடையாது. ஒருமுறை, தேனீக்களை உறிஞ்சி வாழும் வர்ரோவா பேன் எத்தனை விழுகிறது என்று எண்ணுவதற்காகச் செருகிய தட்டைத் தொடர்மழையில் மூன்று வாரம் மறந்துவிட்டேன். உருவியபோது தட்டு முழுவதும் நூலாம்படை, அதனடியில் நெளியும் அந்துப்பூச்சிப் புழுக்கள், நடுநடுவே சுண்ணாம்புக் கட்டி போல இறுகிப்போன தேனீப் புழுக்கள். தேனீக்கள் வலையைத் தாண்டி இறங்க முடியாததால், தட்டில் சேரும் குப்பை நம் பொறுப்பு மட்டுமே; அந்த நாட்களில் வாரம் ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். வலை அடிப்பலகை வர்ரோவா பேனை ஒழித்துவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. தவறி விழும் பேன்கள் திரும்ப ஏறாமல் போகுமே தவிர, மூடிய புழு அறைகளுக்குள் பெருகுபவற்றை வலை ஒன்றும் செய்யாது.

குளிர் கடுமையாக இருக்கும் இடங்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, எல்லா இடைவெளிகளையும் அடைத்துவிடுவது. ஒரு கிலோ தேனைத் தின்று வெப்பமாக்கும் கூட்டம் ஏறத்தாழ 670 மில்லி நீரை ஆவியாக வெளியிடுகிறது. அந்த ஆவி குளிர்ந்த உள்மூடியில் பட்டு, நேர் கீழே திரண்டிருக்கும் தேனீக்களின் மேல் சொட்டும். உலர்ந்த கூட்டம் குளிரைத் தாங்கிவிடும். நனைந்த கூட்டம் தாங்காது. ஆகவே உள்மூடிக்கு மேல் கதகதப்பான காப்பு வையுங்கள். மூடி குளிராமல் இருந்தால், நீர் பக்கச் சுவர்களில் படிந்து வழிந்து கீழே போய்விடும். திரளான கூட்டத்துக்கு, எதிர்காற்றுக்கு மறைப்பு இருக்கும்வரை, வலையைத் திறந்தே விடலாம். மூன்று நான்கு அடைச் சட்டங்களை மட்டுமே மூடியிருக்கும் கூட்டத்துக்குத் தட்டைச் செருகி, வாசலைச் சிறிதாக்குங்கள். குளிர் தணிந்து புழு வளர்ப்பு மீண்டும் தொடங்கும் சில வாரங்களில் திரளான கூட்டத்துக்கும் தட்டு உதவும்.

சிறிதாக்கிய வாசலை இறந்த தேனீக்கள் அடைத்துக்கொள்வது உண்டு. முனை வளைத்த கம்பி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை வாசலுக்குள் விட்டு மெல்ல இழுத்தால் போதும், பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.